கெண்டியும் அதன் குடிகளும்: பூச்சியுண்ணும் தாவரத்தில் வாழும் கணுக்காலிகள் பற்றிய ஒரு நோக்கு

1

மூதூரிலே கொட்டியாரக் குடாவை அண்டி ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று வழங்கும் ஓரிடம் உண்டு. 1660ஆம் ஆண்டு, புயலிற் பாய்மரம் பழுதுற்ற ‘ஆன்’ என்னும் ஆங்கில வணிகக் கப்பல் செப்பனிடுதற்காக இக்குடாவில் நங்கூரமிட்டது. அதில் வந்த இளைஞரான றொபேட் நொக்ஸ், தம் தந்தையாரோடும் வேறு சிலரோடும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். அந்நிகழ்ச்சியின் நினைவாகவே அவ்விடம் அப்பெயரைப் பெற்றது என்பது இப்பகுதி மக்கள் அறிந்ததொன்று. பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து 1679இல் தப்பிச்சென்ற நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இலங்கையின் எறும்பினங்களையும் கறையானையும் அவற்றின் சிங்களப் பெயர்களைக் கொண்டே பிரித்து விவரித்துள்ளார். அப்பெயர்கள் நொக்ஸ் இட்டவையல்ல. காட்டிலும் வயலிலும் உழைத்த மக்கள் தம் நாளாந்த அநுபவத்தாற் பகுத்தறிந்து இட்டவை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

நொக்ஸ் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த அதே காலப்பகுதியில், ஒல்லாந்தர் வசமிருந்த தென்மேற்கு இலங்கையிலிருந்து விந்தையான தாவரமொன்று ஐரோப்பிய அறிஞரின் கவனத்துக்கு வந்தது. சிங்கள மக்கள் ‘பாந்துரா’ என வழங்கும் அத்தாவரத்தின் இலைநுனி நீண்டு, கொடிபோல் வளைந்து, ஈற்றில் மூடியுடன் கூடிய ஒரு குடுவையாக உருப்பெறுகிறது. குடுவையினுள் நீர் நிற்கும். அந்நீரில் எறும்புகளும் ஈக்களும் வீழ்ந்து மடியும். தமிழில் இதனைக் கெண்டித் தாவரம் என்று கூறுவது வழக்காகி வருகிறது. கைகழுவவும் நீரருந்தவும் நம் வீடுகளிற் புழங்கிய மூக்குள்ள பாத்திரத்தின் பெயர் இத்தாவரத்துக்கும் ஆகிவந்துள்ளது.

பூச்சியைக் கொன்று தின்னும் தாவரம் என்பதே பாடநூல்களிலும் சஞ்சிகைகளிலும் கெண்டித் தாவரத்துக்குரிய விளக்கமாக உள்ளது. இவ்விளக்கம் பிழையன்று; ஆயினும் அது பாதி உண்மையே. கெண்டியின் நீரில் மடியும் பூச்சிகள் உள்ளன. அதே நீரிற் பிறந்து, வளர்ந்து, உருமாறிப் பறந்து செல்லும் பூச்சிகளும் உள்ளன. இரண்டாவது வகையினரின் உழைப்பின்றி முதல் வகையினரின் உடல்கள் தாவரத்துக்கு எளிதில் உணவாவதில்லை. அவ்வாறாயின், முதற்பாதி மாத்திரம் ஏன் ஓயாது கூறப்படுகிறது? இலக்கிய மாணவன் ஒருவன் தாவரவியலாளரின் துறைக்குள் நுழைவதற்கு இவ்வினாவே காரணம். இயற்கையை எவ்வாறு காண்கிறோம் என்பது, சமுதாயத்தை எவ்வாறு காணப் பழக்கப்பட்டுள்ளோம் என்பதோடு தொடர்புடையது.

2

முதலில் தாவரத்தையும் அதன் பெயரையும் நோக்குவோம். நெப்பந்திசு என்னும் இச்சாதியில் இன்று நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. போணியோ, சுமாத்திரா, பிலிப்பைன்சு ஆகிய தீவுகளே அவற்றின் பிரதான வாழிடங்கள். இந்தியாவில் மேகாலயக் குன்றுகளில் ஓரினமும், இலங்கையில் ஓரினமும், சீசெல்சில் ஓரினமும், மடகாசுகரில் இரண்டினங்களும் அம்மையத்திலிருந்து விலகித் தனித்து வாழ்கின்றன. இலங்கைக்கே உரிய இனத்தின் விஞ்ஞானப் பெயர் நெப்பந்திசு டிசுத்திலற்றோரியா என்பதாகும். ஈரவலயத்தின் தாழ்நிலக் காடுகளிலும் காட்டோரத் திறந்த நிலங்களிலும் இது படர்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று மழையை நம்பி, ஆண்டின் நடுப்பகுதியில் மாதக்கணக்கில் வரளும் மூதூர் மண்ணில் இத்தாவரத்துக்கு இடமில்லை. கெண்டியின் நீர் வற்றின் அதன் தொழிலும் நின்றுவிடும்.

இத்தாவரக் குடும்பம் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற் குறிப்பு 1658இல் மடகாசுகரின் பிரெஞ்சு ஆளுநர் பிளாக்கூர் எழுதியதாகும். இலங்கையில் 1672 முதற் சில ஆண்டுகள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராகப் பணியாற்றிய போல் ஹேர்மன் பெருந்தொகையான தாவரங்களைச் சேகரித்தார். அவருடைய சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டே சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். லின்னேயஸ் இலங்கையை ஒருபோதும் கண்டவரல்லர். கறுவாவையும் மருந்துச் சரக்குகளையும் தேடிய கம்பனிகளின் கப்பல்களிலேயே தாவரவியலும் பயணஞ் செய்தது.

பெயர்களை ஒப்புநோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். கிரேக்க காவியமாகிய ஒடிசியில் எலன் துயர் மறக்கக் கொடுத்த மருந்தின் பெயரையே லின்னேயஸ் இச்சாதிக்கு இட்டார். ‘டிசுத்திலற்றோரியா’ என்னும் அடைமொழியோ, இது நீரை வடித்தெடுக்கும் தாவரம் என்ற எண்ணத்தைச் சுட்டுவது. இரு பெயர்களிலும் பூச்சிக்கு இடமில்லை. மேகாலயத்தின் யயிந்தியா மக்கள் தம் பகுதி இனத்தை மூடியுள்ள ஈப்பொறி எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். மலாய் மக்கள் குரங்கின் பானை என்பர். இலங்கையிலே பாந்துராவின் துவளுந் தண்டு பொருள்களைக் கட்டுதற்கு உதவியது. தாவரத்தைக் கையாற் பழகியவர்களுக்கு அது முதலிற் பொறியாகவும், பாத்திரமாகவும், கயிறாகவுமே தோன்றிற்று.

கெண்டிக்குள் உயிர்கள் வாழ்கின்றன என்ற அவதானமும் மிகப் பழையதே. அம்போன் தீவில் ஒல்லாந்தக் கம்பனியிற் பணியாற்றிய ரும்பியஸ், கெண்டிக்குள் நுழையும் சிற்றுயிர்கள் மடிந்துபோக, இறாலையொத்த கூனல் முதுகுள்ள ஒரு சிற்றுயிர் மட்டும் அங்கு வாழ்கிறது என எழுதிவைத்தார். 1702இல் அவர் இறந்து நெடுங்காலத்தின் பின்னரே அந்நூல் அச்சேறியது. இறந்தோரும் வாழ்வோரும் ஒரே நீரில் உள்ளனர் என்ற செய்தி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பதிவாயிற்று. பின்வந்தோர் இறந்தோரையே பேசினர்.

3

கெண்டி பொறியாகத் தொழிற்படும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். அதன் வாயைச் சுற்றித் தடித்து வரிவரியாய் அமைந்த ஒரு விளிம்பு உண்டு. அவ்விளிம்பிலும் மூடியின் அடிப்புறத்திலும் தேன் சுரக்கும். பூச்சிகள், சிறப்பாக எறும்புகள், இத்தேனை நாடி வருகின்றன. பெரும்பாலான இனங்களிற் கெண்டிக்கு இரையாவோரில் எறும்புகளே மிகுதி. விளிம்பு உலர்ந்திருக்கும்போது எறும்பு அதன்மேல் இடரின்றி நடந்து திரும்பும். மழையாலோ பனியாலோ தேனாலோ அது நனைந்ததும், வரிகளின்மீது மெல்லிய நீர்ப்படலம் பரவி, கால்கள் பற்றுக்கோடிழந்து வழுக்குகின்றன. இதனைப் போன், பெடர்லே ஆகியோர் 2004இல் விளக்கிக் காட்டினர். உட்சுவரின் மேற்பகுதி பல இனங்களில் மெழுகுப் பூச்சுடையது. கீழ்ப்பகுதியிற் சமிபாட்டுச் சுரப்பிகள் உள்ளன. சுரக்கும் நீர் அமிலத்தன்மை வாய்ந்தது. புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களும் அதிலுண்டு.

தாவரம் இவ்வளவு பாடுபடுவதன் காரணம் மண்ணிலே உள்ளது. கெண்டித் தாவரங்கள் வளரும் நிலங்கள் பெரும்பாலும் நைதரசனும் பொசுபரசும் குன்றியவை. ஒளியும் நீரும் அங்கு நிறைய உள்ளன. புரதத்துக்கு வேண்டிய மூலகங்களே இல்லை. வேர் பெறமுடியாததை இலை பெறுகிறது. பொருளியல் நிலைமையே உறுப்பின் வடிவத்தைத் தீர்மானித்தது என்று கூறுவது மிகையாகாது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையாற் பகுக்கும்போது மரத்தை ஓரறிவுயிராகவும், எறும்பையும் கறையானையும் மூவறிவுயிர்களாகவும், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களாகவும் வைக்கிறது. அப்பகுப்பின் நுட்பம் போற்றத்தக்கது. எனினும் ஓரறிவுயிர் மூவறிவுயிரை உண்ணும் நிலையை எந்தப் படிவரிசையும் எளிதில் ஏற்பதில்லை. தும்பை ஒத்த இடர்ப்பாடு ஐரோப்பாவிலும் எழுந்தது. 1769இல் ஜோன் எல்லிஸ் என்பவர் வட அமெரிக்காவின் ஈப்பொறித் தாவரம் பூச்சியை உண்கிறது என எழுதியபோது லின்னேயஸ் அதனை ஏற்கவில்லை. 1874இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோசப் ஹூக்கர் ஆற்றிய உரையும், 1875இல் டார்வின் வெளியிட்ட பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலுமே இவ்வுண்மையை நிலைநாட்டின. டார்வின் தம் நூலிற் பிற தாவரங்களையே விரிவாக ஆராய்ந்தார். கெண்டியின் சமிபாட்டை ஆராய்ந்தவர் ஹூக்கர்.

4

டார்வினும் ஹூக்கரும் கண்டது தாவரத்தின் செயலை. கெண்டிக்குள் வாழும் உயிர்களைத் தனிப்பொருளாகக் கொண்ட ஆய்வுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தன. 1910இல் ஜென்சன் என்பார் யாவாவின் கெண்டிகளில் வாழும் பூச்சிகளைப் பற்றி எழுதினார். 1913இல் ஜேர்மனியரான கொன்ராட் கூந்தர், இலங்கையின் பாந்துராக் கெண்டிகளில் வாழும் உயிர்களையே பொருளாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பெயரைத் தாங்கிய ஒரு சிற்றுண்ணி இனம் இன்றும் விஞ்ஞான நூல்களில் உள்ளது. 1932இல் தீனமன், சுந்தாத் தீவுகளிற் சேகரித்தவற்றை ஆராய்ந்து கெண்டிகளின் விலங்குலகம் பற்றி விரிவாக எழுதினார். பினாங்கிலே ஆய்வு செய்த பீவர் 1979இல் இவ்வுயிர்களிடையேயுள்ள உணவுத் தொடர்புகளை வலைப்படமாக வரைந்தார்.

இவ்வாய்வாளர் கெண்டியில் வாழும் உயிர்களை மூவகைப்படுத்துவர். கெண்டியையன்றி வேறிடத்தில் வாழாதவை ஒருவகை. பெரும்பாலும் கெண்டியில் வாழ்ந்து பிறவிடத்தும் காணப்படுபவை மற்றொருவகை. தற்செயலாக வந்து தங்குபவை மூன்றாம் வகை. முதல்வகையிற் பெரும்பாலானவை ஈ, நுளம்பு ஆகியவற்றின் வரிசையைச் சேர்ந்த பூச்சிகளின் குடம்பிகள்.

கெண்டியை மேலிருந்து கீழாக நோக்கினால் மூன்று தளங்கள் தெரியும். நீருக்கு மேலுள்ள சுவரில், மலேசியக் கெண்டிகளில், நண்டுச்சிலந்தி இனமொன்று வாழ்கிறது. வலை பின்னாத இச்சிலந்தி, தேன்நாடி வரும் பூச்சியை விளிம்பருகே பற்றுகிறது; வேண்டும்போது நூலொன்றிற் தொங்கி நீருக்குள் இறங்கிக் குடம்பியைப் பிடித்து மீள்கிறது; இடர் நேர்ந்தால் நீருள்ளேயே ஒளிகிறது. நீரின் மேற்பரப்பிற் புதிதாக வீழ்ந்த உடல்கள் மிதக்கின்றன. அவற்றைச் சிறு ஈக்களின் குடம்பிகள் முதலில் உண்கின்றன. அவை கிழித்துண்ட உடல்கள் துண்டுகளாகி அடியில் அமிழ்கின்றன. அடித்தளத்தில் மெல்லுடற் கொசுக்களின் குடம்பிகளும் சிற்றுண்ணிகளும் எஞ்சியவற்றை அரிக்கின்றன. நடுநீரில் நுளம்புக் குடம்பிகள் பற்றீரியாக்களையும் நுண்டுகள்களையும் வடித்துண்கின்றன. இவ்வனைவரையும் உண்ணும் ஊனுண்ணிகளும் உண்டு. தொக்சோரிங்கைட்டிசு என்னும் பெருநுளம்பின் குடம்பி பிற நுளம்புக் குடம்பிகளை விழுங்கி வாழ்வது. அது முதிர்ந்து நுளம்பான பின் இரத்தம் உறிஞ்சுவதேயில்லை.

வெளியிலிருந்து வருவோரும் உளர். மலாயாவின் காடுகளில் ஒரு சிறு நண்டினம் நிலத்தருகேயுள்ள கெண்டிகளினுள் கையிட்டு, அமிழ்ந்த பூச்சிகளை எடுத்துண்கிறது. கொட்டியாரக் குடாவின் கண்டற்காடுகளிற் சேற்றில் வளைதோண்டி வாழும் சிவந்த கால்களையுடைய சிறு நண்டுகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. கண்டலில் உதிர்ந்த இலையை இழுத்துச் சென்று சிதைப்பது இவற்றின் தொழில். கெண்டியில் இறந்த பூச்சியைச் சிதைப்பது அவற்றின் தொழில். இரு இடங்களிலும் சிதைப்போர் இல்லையெனில் ஊட்டப்பொருள்கள் முடங்கிக் கிடக்கும்.

5

இவ்விடத்தில் இலங்கையின் கெண்டிக்குத் திரும்புவோம். 1985இல் பீவர் மேற்கு மலேசியா, இலங்கை, சீசெல்சு, மடகாசுகர் ஆகியவற்றின் கெண்டி உணவு வலைகளை ஒப்பிட்டார். மையத்திலிருந்து விலகிய நாடுகளில், இலங்கை உட்பட, கெண்டியில் வாழும் இனங்கள் குறைவு, ஊனுண்ணிகளும் குறைவு, வலையின் இழைகளும் குறைவு. மலேசியக் கெண்டியில் ஒருவர் செய்யும் தொழிலுக்கு இங்கு ஆள் இல்லாதிருத்தல் கூடும். தாவரத்தின் உடலமைப்போ ஒத்ததாகவே உள்ளது. ஆகவே கெண்டிக்குள் எத்தகைய சமுதாயம் அமைகிறது என்பதைக் கெண்டி மாத்திரம் தீர்மானிப்பதில்லை; அத்தாவரமும் அதன் குடிகளும் எவ்வழி வந்தனர், எவரிடமிருந்து எக்காலத்திற் பிரிந்தனர் என்னும் வரலாறும் தீர்மானிக்கிறது. இலங்கை, மடகாசுகர், சீசெல்சு, மேகாலயம் ஆகியவற்றின் இனங்கள் ஏனையவற்றிலிருந்து மிக முன்னரே பிரிந்த கிளைகள் என்பதை அண்மைக்கால மூலக்கூற்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இயற்கைக்கும் வரலாறு உண்டு என்னும் கூற்றை இதனினும் சிறிய பாத்திரத்தில் விளக்குதல் அரிது.

இனி மையமான வினாவுக்கு வருவோம். கெண்டிக்குள் வாழும் குடம்பிகள் தாவரத்தின் உணவைத் திருடுவோரா, அன்றித் தாவரத்துக்காக உழைப்போரா?

திருட்டு என்பதற்குச் சான்றுண்டு. குடம்பி உண்ட நைதரசனின் ஒரு பகுதி அதன் உடலாகிறது. அது நுளம்பாகவோ ஈயாகவோ பறந்து செல்லும்போது அந்த நைதரசனும் தாவரத்தை விட்டு நீங்குகிறது. உழைப்பு என்பதற்கும் சான்றுண்டு. குடம்பிகள் உடல்களைச் சிறு துண்டுகளாக்குவதால் நொதியமும் பற்றீரியாவும் விரைந்து தொழிற்படுகின்றன. அவற்றின் கழிவு தாவரம் உடனே உறிஞ்சத்தக்க வடிவில் நீரிற் கலக்கிறது. பெரிய இரை அழுகி நீர் கெடுவதும் குறைகிறது. ஒரே செயல், ஒரே வேளையில், இழப்பாகவும் ஈட்டமாகவும் உள்ளது. இவ்விரண்டில் எது விஞ்சும் என்பது கெண்டியின் வயது, இரையின் அளவு, குடிகளின் தொகை ஆகியவற்றுக்கேற்ப மாறும். ‘திருடர்’, ‘ஊழியர்’ என்னும் நிலையான பெயர்களுக்குள் அடங்காத இவ்வுறவை விளக்க, முரண்களின் ஒருமை என்னும் இயங்கியற் கருத்தே உதவுகிறது.

போணியோவின் ஓரினம் இதனை மேலும் துலக்குகிறது. இரட்டைப் பல் கொண்ட அக்கெண்டித் தாவரத்தின் உட்குடைந்த கொடியில் ஓர் எறும்பினம் குடியிருக்கிறது. இவ்வெறும்புகள் கெண்டி நீரில் நீந்தி, மூழ்கி, பெரிய இரையை வெளியே இழுத்து உண்டு, எச்சத்தை நீரிலிடுகின்றன. விளிம்பைத் துடைத்து அதன் வழுக்குந் தன்மையைக் காக்கின்றன. அது மட்டுமன்று: நீரிலுள்ள நுளம்பு, ஈ ஆகியவற்றின் குடம்பிகளையும் வெளிவரும் பூச்சிகளையும் அவை பிடித்துண்பதால், பறந்துபோக இருந்த நைதரசன் எச்சமாகித் தாவரத்திடமே மீள்கிறது. இதனை 2013இல் சார்மன் முதலியோர் விளக்கினர். எறும்பை இரையாக்கும் தாவரம், இங்கு எறும்பின்றிச் செழிப்பதில்லை.

உறவு எவ்வளவு தூரம் மாறக்கூடும் என்பதற்கு வேறு சான்றுகளும் உள. ஓரினம் மேலிருந்து உதிரும் இலைகளைக் கெண்டியில் ஏந்தி, தன் இலை நைதரசனில் மூன்றிலொரு பங்களவை அவற்றிலிருந்தே பெறுகிறது. வேறோரினம் தன் தேனை நாடிவரும் மர அணிலையொத்த சிறு விலங்கின் எச்சத்தைப் பெறுகிறது. மற்றோரினத்தின் கெண்டியில் வௌவால் உறங்குகிறது. கொலை என்பது கெண்டியின் மாறாத இயல்பன்று. நைதரசன் பெறும் வழிகளில் அது ஒன்று.

6

1875ஆம் ஆண்டு டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் வெளிவந்த ஆண்டு என்றோம். அதே ஆண்டு நவம்பரில் பிரெடெரிக் ஏங்கெல்ஸ், ருசியரான லவ்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கூர்ப்புக் கொள்கையை ஏற்றுக்கொண்ட ஏங்கெல்ஸ், அதனைச் சூழ்ந்த ஒரு வாதமுறையை அதிலே கண்டித்தார். முதலாளித்துவச் சமுதாயத்தின் போட்டியையும் மல்தசின் சனத்தொகைக் கோட்பாட்டையும் முதலில் இயற்கைமீது ஏற்றுவதும், பின்னர் அவற்றையே இயற்கையிலிருந்து எடுத்து மனித சமுதாயத்தின் நிரந்தர விதிகள் என நிறுவுவதும் ஒரு கண்கட்டு வித்தை என்பது அவர் வாதத்தின் சாரம்.

கெண்டி பற்றிய வழக்கமான கதையை இவ்வொளியில் வாசித்தல் பொருத்தமாகும். ‘கொலைகாரத் தாவரம்’ என்னும் தலைப்பு வாசகனைக் கவர்வதற்கு மாத்திரம் இடப்படுவதன்று. வலியது மெலியதை உண்பதே உலகியல்பு என்ற பாடத்தையும் அது உடன்கொண்டு வருகிறது. 2015இல் பவர் முதலியோர் வெளியிட்ட ஆய்வொன்றை எடுத்துக்கொள்வோம். கெண்டியின் விளிம்பு பகலில் நெடுநேரம் உலர்ந்திருப்பதால் வேவு பார்க்க வந்த எறும்பு உயிரோடு திரும்பிச் சென்று தன் கூட்டத்தாரை அழைத்து வருகிறது. அவ்வேளை விளிம்பு நனையுமாயின் ஒருங்கே பலர் வீழ்கின்றனர். இதனைக் கேட்டதும், முன்பணம் கொடுத்து உழைப்பாளரை இழுக்கும் கங்காணியின் நினைவு நமக்கு எழலாம். உவமை என்ற அளவில் அது தக்கதே. ஆயினும் கங்காணி முறை மழைக்கும் வெயிலுக்கும் உட்பட்ட இயற்கை நிகழ்ச்சியன்று. குறித்த காலத்தில், குறித்த வர்க்கத்தின் இலாபத்துக்காக, சட்டத்தின் துணையோடு அமைக்கப்பட்டது; மனிதரால் அமைக்கப்பட்டது போன்றே மனிதரால் ஒழிக்கப்படக்கூடியதாயும் இருந்தது. கெண்டிக்கு நோக்கமில்லை; கங்காணிக்கு உண்டு.

மறுபுறத்திலும் ஒரு வழு நேரக்கூடும். 1902இல் குரொப்பொட்கின் வெளியிட்ட பரஸ்பர உதவி பற்றிய நூல், போட்டியை மாத்திரம் கண்டோருக்குத் தக்க மறுப்பாக அமைந்தது. எனினும் கெண்டியைக் கூட்டுறவுச் சங்கமாகக் காண்பதும் உவமையைச் சான்றாகக் கொள்ளும் பிழையே. அங்கு உண்பதும் உண்ணப்படுவதும் ஓயாது நிகழ்கின்றன. முற்போக்காளர் தமக்கு உகந்த உவமையை இயற்கையிடமிருந்து கடன் வாங்குவாராயின், பிற்போக்காளரின் உவமையை மறுக்கும் உரிமையை இழந்துவிடுவர். இயற்கையிடம் நாம் கேட்கவேண்டியது சமுதாய நீதிக்கான முன்மாதிரியையன்று. பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதையே.

7

அவ்வாறு கேட்பதாற் பயன் யாது என மூதூர் வாசகர் வினவலாம். பாந்துரா வளராத மண்ணிலும் அவ்வினாவுக்கு விடையுண்டு.

2017இல் இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 1,86,000 பேர் டெங்கு நோயுற்றதாகப் பதிவாயிற்று. அவ்வாண்டின் முதல் மாதங்களில் திருகோணமலை மாவட்டம், சிறப்பாக மூதூருக்கு அண்மையிலுள்ள கிண்ணியா, கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்கைப் பரப்பும் நுளம்புகளின் குடம்பிகள் வளர்வது சிறிய பாத்திரங்களில் தேங்கிய நீரிலே: சிரட்டை, தகரப்பேணி, டயர், மூடாத நீர்த்தொட்டி. சூழலியலாளரின் நோக்கில் இவை யாவும் கெண்டியை ஒத்த சிறு நீர்நிலைகளே. வேறுபாடு ஒன்றுண்டு. கெண்டிக்குள் நெடுங்கால வரலாற்றாற் பிணைந்த ஒரு சமுதாயம் உள்ளது. அங்கு நுளம்புக் குடம்பிக்குப் போட்டியாளரும், பல நாடுகளிற் பகைவரும் உளர். நேற்று எறியப்பட்ட தகரப்பேணியில் வரலாறு இல்லை. பகைவர் வந்து சேரும் முன்னரே குடம்பி நுளம்பாகிப் பறந்துவிடுகிறது.

அப்பாத்திரங்கள் ஏன் அங்குள்ளன என்ற வினாவும் உடன் எழுகிறது. குழாய்நீர் ஒழுங்காக வராத குடும்பமே தொட்டியிலும் வாளியிலும் நீரைச் சேமிக்கிறது. கழிவகற்றல் நடைபெறாத வீதியிலேயே பேணியும் டயரும் குவிகின்றன. ‘மக்கள் சுத்தம் பேணுவதில்லை’ என்று கூறி அமைவது, கெண்டியைக் கொலைகாரன் என்று கூறி அமைவதைப் போன்றதே. இரண்டும் கண்ணுக்குத் தெரியும் செயலைக் காட்டி, அச்செயலைத் தோற்றுவித்த நிலைமையை மறைக்கின்றன.

பூச்சியுண்ணும் தாவரம் நம் உலர்வலயத்துக்கும் முற்றாக அந்நியமானதன்று. இலங்கையின் குளங்களில், வேரின்றி மிதந்து மஞ்சட் பூவை நீருக்கு மேலே தூக்கும் யூத்திரிக்குலேரியா என்னும் நீர்த்தாவரம் உண்டு. அதன் நூல்போன்ற இலைகளிற் கடுகளவுச் சிறுபைகள் பல உள்ளன. நீர்த்தெள்ளு முதலிய நுண்ணிய கணுக்காலி ஒன்று பையின் வாயிலுள்ள மயிரைத் தீண்டியதும், பை விநாடியின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த நேரத்தில் நீரோடு அதனை உறிஞ்சிவிடுகிறது. அப்பைகளுக்குள்ளும் இறவாது வாழும் நுண்ணுயிர்கள் உள்ளன. நெல்வயலுக்கு நீர்பாய்ச்சுவோரும் தாமரை பறிப்போரும் நாளும் கையால் விலக்கும் பாசிக் கூட்டத்திலே கெண்டியின் வரலாறு வேறொரு வடிவில் நடந்துகொண்டிருக்கிறது.

பாந்துராவின் எதிர்காலமோ கவலைக்குரியது. அது வாழும் தென்மேற்குக் காடுகளின் பெரும்பகுதி குடியேற்ற ஆட்சியிற் பெருந்தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டது. எஞ்சியவற்றுட் சிறந்ததான சிங்கராசக் காட்டில், சுதந்திரத்தின் பின்னரும், 1970களில் ஒட்டுப்பலகை உற்பத்திக்காக இயந்திரங்கொண்டு மரம் வெட்டப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததனால் அது நிறுத்தப்பட்டு, 1988இல் அக்காடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. ஒரு தாவரம் அழியும்போது அதிலன்றி வேறெங்கும் வாழாத குடிகளும் உடனழியும். ஏற்கெனவே இனங்கள் குன்றிய இலங்கைக் கெண்டியில் ஒருவர் குறைந்தாலும் அவருடைய தொழிலை ஏற்க மற்றொருவர் இலர்.

இத்துறையிலே நம் பல்கலைக்கழக மாணவருக்குச் செய்தற்குரிய பணி நிறைய உண்டு. மூதூரின் குளங்களிலும் கண்டற்காடுகளிலும் மரப்பொந்துகளிலும் தேங்கும் நீரில் வாழும் கணுக்காலிகளை, அம்மண்ணில் உழைக்கும் மீனவரும் விவசாயியும் தேனெடுப்போரும் வழங்கும் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்தல் அவற்றுள் முதன்மையானது. இருதுறை மாணவரும் கூடியே அதனைச் செய்தல் வேண்டும். விலங்கியல் மாணவனுக்கு மொழியும், மொழி மாணவனுக்கு விலங்கியலும் வேண்டப்படும். முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் கொட்டியாரத்திற் பிடிபட்ட ஓர் அந்நியர், மலைநாட்டு மக்களிடம் கேட்டறிந்த எறும்புப் பெயர்கள் இலண்டனில் அச்சேறின. அதே கொட்டியாரக் கரையில் வாழ்வோர் வழங்கும் பெயர்களை அவர்களுடைய மொழியிலேயே அச்சேற்றும் பொறுப்பு நம்முடையது.